ஓடுபாதைக் கடையிலிருந்து

கலிஹி, ஹொனொலூலூ
24 பிப்ரவரி 1971

அன்செல்மோ,

ஆண் குழந்தை. உயிரோடு இருக்கிறான். மற்றதெல்லாம் அப்புறம்.

நீ என்னைக் குட்டி விமானத்தில் ஏற்றிவிட்டு, கோழி வெட்டுகிற கத்தியோடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாயே, அதற்குப் பிறகு நடந்தது எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. பைலட் திரும்பித் திரும்பிப் பார்த்து, "இறங்கினப்புறம் பெத்துக்கோம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். எப்படியோ அடக்கிக்கொண்டு வந்து சேர்ந்தேன். ஆஸ்பத்திரியில் என்னைக் கட்டிலில் கிடத்துவதற்குள் பிறந்துவிட்டான்.

வரவேண்டிய நேரத்துக்கு மூன்று மாதம் முன்னால் வந்திருக்கிறான். நீ அடுப்பில் போடுகிற முழுக்கோழி அளவுகூட இல்லை. பெற்ற பிள்ளையை இப்படிச் சொல்லலாமா தெரியவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் ஒரு துவாரம் இருக்கிறது. கையை முழங்கைவரை தேய்த்துக் கழுவிவிட்டு வந்தால் ஒரு விரல் நீட்ட விடுகிறார்கள். நேற்று நீட்டினேன். பிடித்துக்கொண்டான்.

நான் சித்தி மகள் வீட்டில் தங்கியிருக்கிறேன். இங்கேயும் போன் இல்லை, நம் கடையிலும் இல்லை. நம் ஊரிலிருந்து கண் வைத்தியத்துக்கு வாராவாரம் இங்கே வந்துபோகிற அங்கிள் எசெராவிடம் கடிதங்களைக் கொடுத்து வாங்கலாம்.

ஏலியா என்று பெயர் வைக்கட்டுமா? ஞாயிற்றுக்கிழமை வா. கடையில் உன்னோடு நிற்கிற ரூஃபினா ஆன்ட்டி ஒருநாள் அடுப்பைப் பார்த்துக்கொள்ள மாட்டாரா என்ன?

நோஹெயா

*

ஓடுபாதைக் கடை, மொலொகாய் தீவு
27 பிப்ரவரி

நோஹெயா கண்ணு,

ஏலியாவே இருக்கட்டும். பேரைச் சத்தமா ஒரு தடவ சொல்லிப் பாத்தேன். அடுப்பாண்ட நின்ன சனமெல்லாம் திரும்பிப் பாத்துச்சு.

இங்க கடையே ஒரே அமர்க்களம். சரக்கு ஏத்தற பாய்ட் வந்து, "டேய் செல்மோ, அப்பன் ஆயிட்ட, இன்னிக்காவது ப்ளேட்ல ரெண்டு துண்டு கோழி வைப்பியா?"ன்னான். "வைக்கிறேன், ரெண்டும் கழுத்துத் துண்டு"ன்னேன். மதிய விமானத்துக்குக் காத்திருந்த வெள்ளைக்காரப் பொம்பளை ஒருத்தி, சோத்துப் பக்கத்துல மக்ரோனி சாலட் எதுக்குன்னு கேட்டா. ரூஃபினா ஆன்ட்டி, "அது இல்லன்னா சோறு அழும்"னு சொல்லிட்டா. அவ நெஜம்னு நம்பி எழுதிக்கிட்டா.

இந்த ஞாயிறு வர முடியாது, கண்ணு. மௌவி தீவுலேர்ந்து பள்ளிக்கூடப் பந்தாட்டக் கோஷ்டி வருது, மொத்தப் பேருக்கும் ப்ளேட் சொல்லிட்டாங்க. அடுத்த ஞாயிறு பாக்கலாம்.

எசெரா அங்கிள் கையில ஒரு ப்ளேட் குடுத்திருக்கேன். தோலோட சாப்பிடு. எழுதறப்ப புகை தொண்டையில ஏறிடுச்சு, இத்தோட நிறுத்தறேன்.

அவன் விரலைப் பிடிச்சானா? கெட்டியாவா, சும்மாவா?

அன்செல்மோ

*

கலிஹி
11 மார்ச்

அன்செல்மோ,

கெட்டியாகத்தான்.

இரண்டு ஞாயிறு போய்விட்டது. பந்தாட்டக்காரர்கள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை அவன் மூச்சு விட மறந்துவிட்டான். அப்படித்தான் சொல்கிறார்கள், மறந்துவிட்டான் என்று. என் கண் முன்னால் அவன் நிறம் மாறியது. கண்ணாடியைத் தட்டினேன், கத்தினேன். ஒரு நர்ஸ் நிதானமாக வந்து உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டினாள். இழுத்து மூச்சு விட்டான். "அடிக்கடி செய்வான்மா, பழகிக்கோ" என்றாள். எதைப் பழகிக்கொள்வது?

பக்கத்துப் பெட்டிக் குழந்தையின் அப்பா ஒரு பஸ் டிரைவர். சீருடையோடு வந்து கண்ணாடியில் நெற்றியை ஒட்டி நின்றுவிட்டுப் போவார். என்னை ஒருநாள், "உங்க வீட்டுக்காரர் கப்பல்ல இருக்காரா?" என்று கேட்டார். கோழி சுடுகிறார் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம், கப்பல்தான் என்று சொல்லிவிட்டேன்.

நான் சண்டை போட எழுதவில்லை. ஒருநாள் வந்து கண்ணாடிக்கு முன்னால் நில். அவனை இரண்டு பேர் பார்த்திருக்க வேண்டும். நான் மட்டும் பார்த்தால் போதாது.

நோஹெயா

*

ஓடுபாதைக் கடை
18 மார்ச்

நோஹெயா கண்ணு,

உன் கடிதத்தை மூணு தரம் படிச்சேன். அந்த நர்ஸ் நல்லா இருக்கட்டும். அவ விரல் நல்லா இருக்கட்டும்.

வரத்தான் கெளம்பினேன். சனிக்கிழமை அடிச்ச காத்துல கடை கூரையில பாதி பிச்சுக்கிட்டுப் போய் ஓடுபாதையில விழுந்துடுச்சு. விமான நிலைய மேனேஜர் ஓடி வந்து, "செல்மோ, உன் கூரையை எடுக்கிற வரைக்கும் ஒரு விமானமும் இறங்காது!"ன்னு குதிச்சாரு. பாய்டும் நானும் தகரத்தைத் துரத்திக்கிட்டு ஓடினோம், பன்னி துரத்தற மாதிரி. ஊரே வேலியில நின்னு சிரிச்சுது. இப்ப ஆணி அடிச்சுக்கிட்டிருக்கேன். கூரை இல்லாம கடையை விட்டுட்டு வந்தா மழை வந்து கரியெல்லாம் நமத்துப் போயிடும்.

அந்த பஸ் டிரைவருக்கு என் சார்பா ஒரு வணக்கம் சொல்லு. கப்பல் சீக்கிரம் கரை சேந்துடும்னு சொல்லு.

இந்த வாரமும் கோழி அனுப்பியிருக்கேன்.

அன்செல்மோ

*

கலிஹி
27 மார்ச்

அன்செல்மோ,

இது உன் கோழி இல்லை.

முதலில் வந்த ப்ளேட் உன்னுடையது. அதற்குப் பிறகு வந்தது எதுவும் உன்னுடையது இல்லை. நீ சாஸில் இஞ்சியை நசுக்கிப் போடுவாய். இதில் துருவிப் போட்டிருக்கிறது. சர்க்கரையும் கூடுதல். ரூஃபினா ஆன்ட்டியின் கை எனக்குத் தெரியாதா?

ஆன்ட்டி உதவி செய்கிறார் போலிருக்கிறது என்று முதலில் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். நேற்று எசெரா அங்கிளிடம் கூரை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "எந்தக் கூரை?" என்றார். "காற்றில் பறந்ததே" என்றேன். "காத்தா? இந்த மாசம் இலைகூட ஆடலையே" என்றார். பிறகு, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அவருக்கே தோன்றி, தொப்பியைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டார். நான் விடவில்லை. கடைசியில், "செல்மோவைப் பாத்தே ஒரு மாசம் ஆச்சும்மா. ஆன்ட்டி எதுவும் பேச மாட்டேங்கறா" என்றார்.

உனக்கு ஓடுபாதையும் இல்லை, கூரையும் இல்லை, கடையும் இல்லை. அப்படியானால் எங்கே உட்கார்ந்துகொண்டு இந்தக் கதையெல்லாம் எழுதுகிறாய்?

என்னென்னவோ தோன்றுகிறது. வேறு ஒருத்தியோடு போய்விட்டாய் என்றால்கூட இப்போது எனக்குக் கோபம் வராது. கோபப்படத் தெம்பில்லை. எங்கே இருக்கிறாய் என்று மட்டும் சொல்.

இந்தக் கடிதத்தை ஆன்ட்டிக்கே அனுப்புகிறேன். அவர் கைக்குத் தெரியும், எங்கே சேர்க்க வேண்டும் என்று.

நோஹெயா

*

ஹொனொலூலூ
30 மார்ச்

நோஹெயா,

இதே ஊர்லதான் இருக்கேன். மலைச் சரிவுல இருக்கற டி.பி. ஆஸ்பத்திரியில, மூணாவது மாடி. மார்ச் ஒண்ணாந் தேதியிலேர்ந்து.

சாப்பாட்டுக் கடைக்காரங்களுக்கெல்லாம் ஜனவரியில நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? நீ பறந்துபோன நாலாம் நாள் சுகாதார நர்ஸ் கடைக்கு வந்தா. ப்ளேட் வாங்க வந்திருக்கான்னு நெனச்சு, "சோறு ரெண்டு கரண்டியா, மூணா?"ன்னு கேட்டேன். அவ கத்தியை என் கையிலேர்ந்து வாங்கிக் கீழ வெச்சா. அடுப்பை விட்டு அப்பவே ஒதுக்கிட்டாங்க. உனக்கு மொதல்ல வந்த ப்ளேட்டு அன்னிக்குக் காலையிலயே நான் ஊறப்போட்டது. ஆன்ட்டி சுட்டா, நான் தூர நின்னு பாத்தேன். என் வாயில துணியைக் கட்டி விமானத்துல கடைசி சீட்டுல ஒக்கார வெச்சு இங்க கொண்டுவந்தாங்க. கடிதங்களை ஆன்ட்டிக்குத் தபால்ல அனுப்புவேன். அவ எசெரா அங்கிள் கையில குடுத்து விடுவா.

நர்ஸ் என்கிட்ட, "உன் பெண்டாட்டிக்குச் சொல்லிட்டியா? அவளையும் சோதிக்கணும்"னு ரெண்டு தடவ கேட்டா. சொல்லிட்டேன்னு ரெண்டு தடவயும் பொய் சொன்னேன்.

ஏன்னு கேப்ப. உனக்குத் தெரிஞ்சா நீ போய் அங்க சொல்லுவ. உனக்கு மறைக்கத் தெரியாது. சொன்னா உன்னை உள்ள விட மாட்டாங்க. அப்புறம் அந்தப் பெட்டிக்குள்ள அவன் விரலைப் பிடிக்கறதுக்கு யாரு இருக்கா? இதைத்தான் யோசிச்சேன். அதே சமயம், நீ நீட்டற விரல்ல என் நோவு இருந்தா என்ன ஆகும்னும் யோசிச்சேன். ரெண்டும் மாறி மாறி. எது சரின்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியல. தெரியாததனாலதான் கூரை பறந்துச்சுன்னு எழுதிக்கிட்டிருந்தேன்.

உனக்கு இருமல் இருக்கா? சொல்லு. இருக்கா?

அன்செல்மோ

*

கலிஹி
6 ஏப்ரல்

அன்செல்மோ,

இருமல் இல்லை.

உன் கடிதம் வந்த அன்றே போய்த் தலைமை நர்ஸிடம் சொன்னேன். நீ நினைத்தது சரி, எனக்கு மறைக்கத் தெரியவில்லை. அவள் என்னைத் திட்டவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். அவ்வளவுதான். கையில் ஊசி போட்டுப் பார்த்தார்கள், வீங்கியது, கிருமி பட்டிருக்கிறது என்று அர்த்தமாம். எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். முடிவு வரும்வரை அந்த மாடிக்கே வரக் கூடாதாம்.

நான் கீழே சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பஸ் டிரைவர் போகும்போதும் வரும்போதும் சேதி சொல்கிறார். "உங்க பையன் தூங்கறான்", "உங்க பையன் காலை ஆட்டறான்." வேறு யாருடைய கண்ணாலோ என் பிள்ளையைப் பார்க்கிறேன்.

உன் மேல் எனக்கு இருக்கிற ஆத்திரத்தை எழுதினால் இந்தத் தாள் போதாது. ஒரு மாதம் அவன் மேல் கை வைத்திருக்கிறேன், அன்செல்மோ! ஒரு மாதம்! தெரிந்திருந்தால் வைத்திருக்க மாட்டேன். வைக்காமல் இருந்திருந்தால் அவன் இருந்திருப்பானா என்பதும் தெரியவில்லை. இதற்கு மேல் உன்னை எப்படித் திட்டுவது என்று எனக்குப் புரியவில்லை. திட்ட ஆரம்பித்தால் பாதியில் நின்றுபோகிறது.

உன்னைப் பார்க்க வரலாமா என்று கேட்டேன். "அங்கே போனால் இங்கே வராதே" என்றார்கள். ஒரே பஸ்தான். நடுவில் ஏழெட்டு நிறுத்தம்தான் இருக்கும்.

மருந்தைச் சாப்பிடு.

நோஹெயா

*

மலைச் சரிவு, ஹொனொலூலூ
12 ஏப்ரல்

நோஹெயா,

மருந்து சாப்பிடறேன். ஒரு கை நெறைய மாத்திரை, வாரத்துக்கு ரெண்டு ஊசி.

நீ திட்டினது போதல. இன்னும் திட்டு. இங்க யாரும் திட்ட மாட்டேங்கறாங்க.

வார்டுல எல்லாத் தீவுக்காரனும் இருக்கான். பக்கத்துக் கட்டில் மசாவோ, மௌவியில கரும்புத் தோட்டத்துல லாரி ஓட்டினவர். இங்க போடற சோறு வெந்தும் வேகாம, மீன் வேற வெளுத்துப்போய் வரும். ஒருநாள் மசாவோ தட்டைத் தள்ளி வெச்சுட்டு, "நீ அந்த ஓடுபாதைக் கடைக்காரன்தானே? உன் ப்ளேட்டைச் சொல்லு, கேட்டுக்கிட்டே இதை முழுங்கிடறேன்"னாரு. சொன்னேன். கியாவே விறகு எப்படி வெடிக்கும், எப்பக் கோழியைத் திருப்பணும், தோல்ல சர்க்கரை கருகறதுக்கு ஒரு நிமிஷம் முன்னால எப்படி எடுக்கணும், எல்லாம். இப்பச் சாப்பாட்டு நேரம் வந்தா எல்லாரும், "செல்மோ, அடுப்பைப் பத்த வை"ங்கறாங்க. ஒருத்தன் மட்டும், "எனக்குத் தொடைத் துண்டு"ன்னு கேட்டு வாங்கிக்கறான். கையால ஒண்ணும் செய்ய முடியல, வாயால சமைச்சுக்கிட்டிருக்கேன்.

ஆன்ட்டி எழுதியிருக்கா. எனக்கு டி.பி.ன்னு ஊருக்குத் தெரிஞ்சுபோச்சு. விமானத்துக்குக் காத்திருக்கறவங்க ரோட்டைத் தாண்டிக் கடைக்கு வர்றதில்லையாம். பசியோட பெஞ்சுல ஒக்காந்திருப்பாங்களாம், கடைப் பக்கம் பாக்காம. இத்தனைக்கும் கடையை மருந்து போட்டுக் கழுவி, ஆன்ட்டியைச் சோதிச்சு, தெறக்கலாம்னு அதிகாரியே சொன்னதுக்கப்புறம். பாய்ட் மட்டும் தெனமும் ஒரு ப்ளேட் வாங்கி, ரோட்டு நடுவுல நின்னு, எல்லார் கண்ணுக்கும் தெரியற மாதிரி சாப்பிடறானாம். "பாருங்கடா, நான் செத்தா விழுந்தேன்?"னு கத்துவானாம். அப்பவும் யாரும் வரலையாம்.

யாரையும் குத்தம் சொல்ல முடியல. நானா இருந்தாலும் தாண்ட மாட்டேன்.

எக்ஸ்ரே என்ன ஆச்சு?

அன்செல்மோ

*

கலிஹி
24 மே

அன்செல்மோ,

எக்ஸ்ரே சுத்தம் என்று சொன்ன நாளிலிருந்து உனக்கு ஒரு வரி, இரண்டு வரி எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து எழுத நேரமே இல்லை. நானும் தினம் மாத்திரை விழுங்குகிறேன், நோவு வராமல் இருக்க.

இப்போது கேள். பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். தொட்டிலில் கிடக்கிறான். அவனுக்கும் ஊசிப் பரிசோதனை செய்தார்கள், ஒன்றுமில்லை. பால் குடிக்கிறான், குடித்துவிட்டு யாரோ ஏமாற்றிவிட்டது போல முகத்தைச் சுளிக்கிறான். சனிக்கிழமை அழைத்துப்போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆனால் நீ இருக்கிற இடத்துக்கு இல்லை. உன் சளியில் கிருமி இருக்கிறவரை உன் பக்கமே கொண்டுபோகக் கூடாது. உன் ஆஸ்பத்திரியில் கேட்டேன், குழந்தைகளுக்கு உள்ளே அனுமதியே இல்லையாம். அதனால் திங்கட்கிழமை அவனோடு மொலொகாய் போய்விடுகிறேன். ஆன்ட்டி தனியாக அடுப்பில் நிற்கிறார். நான் நின்றால் இரண்டு பேராவது ரோட்டைத் தாண்டுவார்கள்.

அதற்கு முன்னால், ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு, உன் ஆஸ்பத்திரிக்குக் கீழே வேலிக்கு வெளியே ரோடு இருக்கிறதே, அங்கே வந்து நிற்கிறேன். பஸ் டிரைவர் தன் வண்டியிலேயே கொண்டுவந்து விடுகிறேன் என்றார். அவனைத் தூக்கிக் காட்டுகிறேன். நீ எந்த ஜன்னல்? சிவப்பாக எதையாவது கட்டி வை.

நோஹெயா

*

மலைச் சரிவு
30 மே, ஞாயிறு

நோஹெயா! நோஹெயா!

பாத்துட்டேன்!

மூணு மணிக்கே ஜன்னல்ல நின்னுட்டேன். மசாவோ தன்னோட சிவப்புச் சட்டையைக் குடுத்தாரு, கம்பியில கட்டினோம். வார்டு மொத்தமும் என் பின்னால. நடக்க முடியாதவனையும் சக்கர நாற்காலியில தள்ளிக்கிட்டு வந்துட்டாங்க. பஸ் நின்னுச்சு. நீ எறங்கின. எவ்வளவு எளைச்சுப்போயிட்ட! அப்புறம் நீ அவனைத் தலைக்கு மேல தூக்கின பாரு, நான் ஜன்னல் கம்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டேன். தூரம் ஜாஸ்தி, மொகம் தெரியல. வெள்ளைத் துணியில சுருட்டினது மட்டுந்தான் தெரிஞ்சுது. போதும். எனக்குப் போதும். அழவே இல்ல பாரு அவன், அத்தனை ஒசரத்துல!

நான் கத்தினேன். நர்ஸு ஓடி வந்து, "இருமல் வரும், கத்தாதே"ன்னா. அவளும் அங்கேயே நின்னு பாத்தா.

எல்லாரும் கேட்டாங்க, "யார் ஜாடை?"ன்னு. அவங்க அம்மா ஜாடைன்னு சொல்லிட்டேன். மசாவோ, "நல்லவேளை, தப்பிச்சான்"னாரு. இன்னிக்கு ராச் சாப்பாட்டை யாரும் குறை சொல்லல.

நீ சீக்கிரமே போயிட்ட. துணியை நெஞ்சோட சேத்து அணைச்சுக்கிட்டு, திரும்பிக்கூடப் பாக்காம. அவனுக்கு வெயில் படும்னுதானே?

பத்திரமாப் போய்ச் சேரு. கடையில நின்னா அவனைப் புகை பக்கம் வைக்காத.

அன்செல்மோ

*

கலிஹி
2 ஜூன்

அன்செல்மோ,

நான் மொலொகாய் போகவில்லை. இங்கேதான் இருக்கிறேன்.

சனிக்கிழமை காலையில் துணிமணியோடு போனேன். அவன் உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. முதல்நாள் சாயங்காலத்திலிருந்தே என்றார்கள். மறுபடி பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். என்ன காய்ச்சல் என்று கேட்டேன். பார்க்கிறோம் என்றார்கள். உன் நோவா என்று கேட்டேன். அப்படித் தெரியவில்லை, ஆனால் பார்க்கிறோம் என்றார்கள். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அப்போது என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை உனக்குச் சொல்லி அனுப்ப வழியில்லை. நீ ஜன்னலில் நிற்பாய், சிவப்பாக எதையோ கட்டியிருப்பாய். நான் வராவிட்டால் நீ என்னவெல்லாம் நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். ஒரு மாதம் அதே போல நான் நினைத்திருக்கிறேன்.

நான் தூக்கிக் காட்டியது துணி மட்டும்தான், அன்செல்மோ. வீட்டுக்குப் போகும்போது சுற்ற வாங்கி வைத்திருந்த போர்வை. உள்ளே ஒரு துண்டைச் சுருட்டி வைத்தேன். தெரிந்தும் பஸ் டிரைவர் கொண்டுவந்து விட்டார். தூக்கும்போது கனமே இல்லை. அதனால்தான் சீக்கிரம் போய்விட்டேன்.

உன் கடிதம் நேற்று வந்தது. இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

காய்ச்சல் நேற்று இறங்கியது. இன்று மறுபடி ஏறியிருக்கிறது. விரலை நீட்டினேன். பிடிக்கவில்லை. தூங்குகிறான் என்கிறார்கள்.

நோஹெயா

*

மலைச் சரிவு
4 ஜூன்

நோஹெயா கண்ணு,

கடிதம் வந்துச்சு. படிச்சுட்டுச் சட்டைப் பையில வெச்சிருக்கேன். யாருக்கும் சொல்லல. அம்மா ஜாடைன்னு சொன்னது சொன்னதுதான். அதை நான் திரும்ப வாங்க மாட்டேன்.

நேத்து வாசல் வரைக்கும் எறங்கிப் போனேன். காவலாளி என் வாய்த் துணியைப் பாத்தான், நான் ரோட்டைப் பாத்தேன். உன் பக்கம் வர்ற பஸ் போச்சு. ஏறியிருக்கலாம். ஏறி வந்து என்ன செய்ய? கண்ணாடிக்கு இந்தப் பக்கம்கூட என்னை விட மாட்டாங்க. திரும்பி வந்துட்டேன். மத்தியானம், "அடுப்பைப் பத்த வை, செல்மோ"ன்னாங்க. நான் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன். மசாவோ புரிஞ்சுக்கிட்டாரோ என்னவோ, "இன்னிக்குக் கடை லீவு"ன்னு சொல்லிட்டாரு.

அவன் உள்ளங்காலைச் சுண்டச் சொல்லு அந்த நர்ஸை. அது இப்ப உதவுமான்னு ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது, ஆனா சொல்லு.

நீ செஞ்சதுக்கு எனக்குக் கோபம் இல்ல. அந்தப் பத்து நிமிஷம் நான் நல்லா இருந்தேன்.

ஞாயித்துக்கிழமை அதே நேரத்துக்கு வா. அவனைத் தூக்கிக்கிட்டு வர முடிஞ்சா தூக்கிக்கிட்டு வா. முடியலன்னா துணியோட வா. துணியும் வேணாம்னா வெறுங்கையோட வந்து நில்லு. நான் ஜன்னல்ல இருப்பேன்.

அன்செல்மோ